அந்தோணியின் இடது கை

போன புதன்கிழமை ரிகர்சலில், பாட்டு பாதியில் இருக்கும்போதே அந்தோணி ஸ்டிக்கை மடியில் வைத்துவிட்டார்.

அந்தோணி எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவின் டிரம்மர். நான் பக்கத்தில் நின்று தும்பா வாசிப்பவன் — கையால் தட்டுகிற உயரமான ஜோடி டிரம். பக்கவாதம் வந்து ஆறு மாதம் கழித்து அன்றுதான் அவர் திரும்ப வந்திருந்தார். இடது கையில் இன்னும் பாதி பலம்தான். ஞாயிற்றுக்கிழமை திருமயத்தில் ரிசப்ஷன். முடியாவிட்டால் வேறு டிரம்மர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கும்.

எடுத்திருந்தது ஒரு ஃபங்க் பாட்டு — அமெரிக்கக் கறுப்பர்களின் ஆட்ட இசை. ஃபங்க்கில் முதல் அடி நெஞ்சில் இறங்க வேண்டும். அப்புறம் டிரம்மரின் இடது கை, காதில் விழுந்தும் விழாமலும் குட்டிக் குட்டியாகத் தட்டிக்கொண்டே இருக்கும். ஆட வைப்பது அதுதான். அதன் மேல் நான் க்யூபா தாளம் ஒன்றை ஏற்றினேன். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு போன தாளம்... யூடியூப் பார்த்து வருஷக்கணக்கில் பழகியது. அவர் கை விட்ட இடத்தையெல்லாம் என் கை நிரப்பியது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

"அண்ணே, ஒங்க ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு. அதுக்காக எங் கைக்கும் சேத்து நீங்களே வாசிக்கணுமா?" என்றார்.

"ஒங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"கஷ்டமாத்தான் இருக்கு. நீங்க எடம் விட்டாத்தானே நான் வர முடியும்?"

வெட்கமாக இருந்தது. உதவி என்று சொல்லி அடுத்தவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வது நான் மட்டும்தானா?

அன்று முழுக்க என் தாளத்திலிருந்து அடிகளை எடுத்துக்கொண்டே வந்தோம். முதல் அடி அவர் காலுக்கு. நடுவில் உள்ளது அவர் இடது கைக்கு. எனக்கு மிஞ்சியது, தாளச் சுற்று முடிகிற இடத்தில் இரண்டே அடி. க்யூபாக்காரர்களும் அங்கேதான் அழுத்துவார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. குட்டி அடிகளுக்குப் பலமும் தேவையில்லை. நேரத்துக்கு விழுந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிறைய ஆள். இரண்டாவது சரணத்தில் அவர் இடது கை நின்றுவிட்டது. ஒரு சுற்று... இரண்டு சுற்று... கீபோர்டுக்காரர் என்னைப் பார்த்தார். கை பரபரத்தது. என் இரண்டு அடியோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது சுற்றில், மெல்ல விழுந்தது அவர் இடது கை அடி. கூட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

மேடையை விட்டு இறங்கும்போது அந்தோணி கேட்டார். "அந்த ரெண்டு சுத்தும் என்னண்ணே பண்ணீங்க?"

"பயந்துக்கிட்டு இருந்தேன்."

"நானுந்தான்."

அடுத்த ஞாயிறு அறந்தாங்கியில் ஒரு ரிசப்ஷன். டிரம்ஸ் — அந்தோணி.