நகரத்துக்கு முதுகு காட்டிய பாதைகள்

ஒரு குழாய்க்குள் எட்டிப் பார்த்ததற்காக என்னைப் பிடித்தார்கள். பாதை வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

யுத்த காலம். கண்டிக்கு மேலே இருக்கும் பொதுப் பூங்காவில் மவுண்டன் பைக் பாதை போட வேண்டும் என்றார்கள். பஸ்ஸில் ஏறினாலே பையைத் திறந்து காட்டுகிற நேரத்தில் சைக்கிள் விளையாட்டா என்று சிரித்தேன். வேலை என் தலையில்தான் விழுந்தது. நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கான், அதாவது மழைத்தண்ணீர் ஓடும் வடிகால், வெட்டியவன். மலையில் தண்ணீரின் குணம் தெரியும். பைக் பாதைக்கும் அதுதான் கணக்கு. சரிவு கூடினால் ஒரே மழையில் பாதை கானாகிவிடும்.

சரிவு பிடிக்கத் தோட்டத்தில் ரோட் ட்ரேசர் வைத்திருப்போம். கம்பில் தொங்கும் இரும்புக் குழாய், அதன் கீழே நகர்த்துகிற எடை. ஒருவர் குழாய் வழியே பார்க்க, மற்றவர் சிவப்பும் வெள்ளையும் அடித்த பலகையோடு தள்ளி நிற்பார். பலகை நேராகத் தெரிகிற இடத்தில் முளை அடிப்போம். பலகை பிடிக்கிற சிறிபால அன்று லீவு. நான் பலகையை ஒரு மரத்தில் கட்டிவிட்டுத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்துக்குப் பின்னால் கண்டி நகரம் முழுக்கத் தெரிந்தது. அது எனக்கு உறைக்கவில்லை.

நான்கு இராணுவத்தினர் வந்தார்கள். நகரத்தைக் குறிபார்க்கும் ஒரு தமிழன். அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் பட்டிருக்கும். நகரில் குண்டு வெடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்த நாட்களில் விசாரணைக்குக் கூட்டிப்போனவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை.

கருவிக்கு அனுமதிக் கடிதம் தருவதாக எங்கள் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். இரண்டு தடவை கேட்டேன். மூன்றாம் தடவை கேட்க வெட்கம். அது என் பிழை. அவரை அழைத்து வந்து விசாரித்தபோது, ஆள் எங்கள் லேபரர்தான், குழாயைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார். மூன்று மாதம் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நின்று பிளேன் டீ குடித்தவர். பயத்தில் சொன்னார் என்று புரிகிறது. ஆனாலும் என் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அந்த நால்வரில் அதிகாரியாக இருந்தவர் முன்பு வடக்கில் வேலை செய்தவர், கொஞ்சம் தமிழ் தெரியும்.

"இதில என்ன பாக்கிறது?"

"தண்ணிக்கு வழி பாக்குறேன் சேர். நம்பிக்கை இல்லாட்டி இதுவரைக்கும் நான் போட்டு முடிச்ச பாதையில ஓட்டிப் பாருங்க. பிரேக் புடிக்க வேணாம், மூணாவது வளைவுல வேகம் தானா கொறையும்."

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது: முதல் நாள் இரவு நல்ல மழை. அவர் விழுந்தால் என் கதை முடிந்தது. பாதையைச் சோதிக்க எங்கள் கொட்டகையில் வைத்திருந்த ஒரு பைக்கை எடுத்து, பூட்ஸ் காலோடு ஏறினார். முதல் வளைவிலேயே மரங்கள் மறைத்துவிட்டன. ஒரு சிப்பாய் என் தோளைப் பிடித்திருந்தார், நான் மனதுக்குள் வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பைக்கைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தார். காற்சட்டையில் சேறு தெறித்திருந்தது, விழுந்த அடையாளம் இல்லை. என்னிடம் வாங்கி வைத்திருந்த அடையாள அட்டையைத் திருப்பி என் கையில் தந்தார்.

"நல்ல ரோட்," என்றார்.

மறுநாள் முத்திரை குத்திய கடிதம் வந்தது. கருவியைத் தொடுவதற்கு முன் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இது முதல் பாடம்.

அதன்பிறகு அந்தப் பூங்காவில் இன்னும் மூன்று பாதைகள் போட்டேன். யுத்தம் முடிந்து நான் ஓய்வுபெறும் சமயத்தில் பைக் ஓட்ட வந்த ஒரு பிள்ளை கேட்டாள்: "ஏன் அங்கிள், மத்த மூணுலயும் டவுன் தெரியவே இல்ல? அந்தப் பக்கம் போட்டா வாவி எவ்வளவு வடிவா தெரியும்."

மண் சரியில்லை மகள் என்றேன். பொய். மலையிலேயே நல்ல மண் அந்தப் பக்கம்தான். கடிதம் சட்டைப்பையில் இருந்தும், குழாயை நகரத்தின் பக்கம் திருப்ப என் கை ஒருநாளும் வரவில்லை.