மெஹரு அக்கா நடந்தது

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் போன் வந்தது. மெஹரு அக்காவுக்கு மயக்கம், கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார் அவர் தம்பி. நாற்பது நிமிடம் கழித்து இரண்டாவது போன். "மொதல்ல வர்ற அலை சும்மா தட்டிட்டுப் போவும் புள்ள, பின்னால வர்றதுதான் ஆட்டும்" என்று நிலநடுக்கத்தைப் பற்றி அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. மாலையே அடக்கம். பெண்கள் நாங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டோம்.

எங்கள் நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அக்கா கருவிகளைப் பார்த்துக்கொண்டார். நான் அங்கே பெருக்குகிறவள். இடது காலைச் சற்று இழுத்து அவர் நடந்து வருவதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

கருவி அறைக்குள் யார் போனாலும் வாசலில் உள்ள நோட்டில் பெயரும் நேரமும் எழுத வேண்டும். தரையின் மிகச் சிறிய அசைவும் அங்கே பதிவாகிவிடும். நான் எழுத மாட்டேன். ஒன்பதாவதோடு நின்றவள், என் கோணல் எழுத்தை நிலையப் பொறுப்பாளர் சார் படிப்பாரே என்று கூச்சம். ஒருநாள் திரையில் சின்னச் சின்ன நெளிவுகள். "யாரு உள்ள போனது?" என்று சார் கத்தினார். வேலை போய்விடும் என்ற பயத்தில் எனக்கு வாய் வரவில்லை. "யாரோ நடந்ததுதான் சார், நான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா.

டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார்: "நெலநடுக்கம்னா ரெண்டு அலை வரும். ரெண்டுக்கும் நடுவுல உள்ள நேரத்த வச்சுத்தான் எவ்ளோ தூரம்னு கணக்குப் போடறோம். இதுல அந்த எடவெளியே இல்ல. ஏழு அடி, ஒரு நிறுத்தம், திரும்ப ஏழு அடி. நீ பெருக்கற தினுசு எனக்குத் தெரியாதா தேனு? நீ எழுதிட்டா அது உன் நடை. எழுதலன்னா அது வெறும் குப்ப." பிறகு சிரித்தார். "எறும்பு ஊர்றதக் கேக்கற மெஷினுக்கே உன் குரல் கேக்காது போலருக்கே!"

அன்றுதான் முதன்முதலாக நோட்டில் என் பெயரை எழுதினேன்.

தொலைவில் எங்கோ பூமி ஆடிய ஒரு நாளில் அவர் வரைபடத்தில் வட்டம் போட்டார். "நமக்குத் தூரம் மட்டுந்தான் தெரியும், எந்தப் பக்கம்னு தெரியாது. இன்னும் ரெண்டு ஊர்க்காரங்க வட்டம் போடணும். மூணும் முட்டற எடந்தான் அது." அலை சின்னதாக இருக்கிறதே என்றேன். "தூரத்தயும் சேத்துப் பாரு, அப்பத்தான் பலம் தெரியும்" என்றார். அங்கே யாருக்கும் ஒன்றுமில்லை என்ற செய்தி வரும்வரை டிபன் பாக்ஸை அவர் திறக்கவில்லை.

புதன்கிழமை பெருக்கப் போனபோது நோட்டைத் திறந்தேன். திங்கட்கிழமைக்கு நேராக அவர் எழுத்து: மெஹரு, 10.20, பேட்டரி. சார் தனியாக உட்கார்ந்திருந்தார். நானாக அவரிடம் பேசியது அதுதான் முதல் முறை.

"சார், திங்கக்கெழம பத்து இருபதக் காட்டுறீங்களா?"

"அன்னிக்கு ஒண்ணும் வரலியேம்மா."

"அக்கா உள்ள போயிருக்காங்க சார்."

அவர் கணினியில் தேடினார். திரையில் ஒரு பெரிய நெளிவு, ஒரு சின்ன நெளிவு. ஒரு பெரியது, ஒரு சின்னது. பேட்டரி அருகே அக்கா நின்றபோது போலும், கோடு சிறிது நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு அதே நடை, கதவை நோக்கி. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் தாளை அச்செடுத்து என்னிடமே கொடுத்தார்.

அது என்னிடம் இருக்கிறது. நாளை பார்ப்பவர்கள் குப்பை என்று எறிந்துவிடக் கூடாது என்பதற்காக, நெளிவுகளின் ஓரத்தில் என் கோணல் எழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்: மெஹரு அக்கா நடந்தது.