குசினிக்குள் வைத்த இஞ்சின்

கரண்ட் தினமும் மணிக்கணக்கில் வெட்டப்பட்ட வருஷம் அது. நோன்பு மாதம். பெருநாளுக்குத் தைத்துக் கொடுக்க ஏற்றுக்கொண்ட உடுப்புகள் முன்னறைக் கட்டிலில் குவிந்து கிடந்தன. புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியோரம், களப்பு என்னும் உவர்நீர் ஏரிக்குக் கிட்டத்தான் எங்கள் குடியேற்றம். நானும் என் கணவரின் அக்காவும் அந்த முன்னறையில் ஆளுக்கொரு கரண்ட் மெஷின் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தோம். அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். சட்டையின் ஒரு கையை மூட்டத் தொடங்கும்போது கரண்ட் போய்விடும். மறு கைக்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். எனக்குச் சும்மா உட்கார வராது. எழும்புவேன், வாசலுக்குப் போவேன், தெருவைப் பார்ப்பேன், திரும்பி வந்து வெட்டிய துணியையே மறுபடி மடிப்பேன்.

என் கணவர் உப்பு லொறி ஓட்டுகிறார். போகிற வழியில் பழக்கமான ஓர் இறால் பண்ணையில் கிடந்த சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டரை ஒருநாள் வாங்கிக்கொண்டு வந்து இறக்கினார். பெரிய பயணப் பெட்டி அளவு. நாங்கள் அதை இஞ்சின் என்றுதான் சொல்வோம். இரண்டு மெஷினையும் இழுக்கும் என்றார். அவர் அனேகமாக வீட்டில் இருப்பதில்லை என்பதால் எனக்கே சொல்லித் தந்தார். முதலில் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். மெஷின் வயர்களைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். பெட்ரோல் தாங்கிக்குக் கீழே இருக்கும் குழாயைத் திறந்து, சோக்கை இழுத்து, சிவப்புச் சுவிட்சைப் போட்டு, கயிறு இறுகும் வரை மெதுவாக இழுத்து, அதற்குப் பிறகு ஒரே வீச்சு. நிறுத்தும்போது எல்லாம் தலைகீழ். சூடாக இருக்கையில் மட்டும் பெட்ரோல் ஊற்றக் கூடாது.

முதல் நாள் பதினோராவது இழுப்பில்தான் ஸ்டார்ட் வந்தது. என் உள்ளங்கை சிவந்துபோனது. மதினி சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

வேலியோரம் வைத்து ஓட்டினோம். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு ராத்தா. என்னை விடப் பதினைந்து இருபது வயது மூத்தவர். அவருடைய கணவர் பாரிசவாதம் வந்து படுக்கையில் இருந்தார். அவர் படுத்திருந்த அறையின் யன்னல் வேலிப் பக்கம்தான். மூன்றாம் நாள் ராத்தா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன புள்ள இது? எங்கட மனுசன் படுக்கையில கிடக்கிறது தெரியாதா? கண் மூட ஏலாம கிடக்கிறாரு."

"பெருநாள் வரைக்குந்தான் ராத்தா. கொஞ்சம் பொறுங்க."

"நாங்க பொறுக்காததா? நீங்க வந்து எத்தன வருஷம்? பக்கத்து ஊட்டுல ஆள் இக்கிது எண்டு இன்னும் தெரியல்ல."

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து எங்கள் முஸ்லிம் ஆட்கள் துரத்தப்பட்டு வந்தபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேன். எனக்கு வேறு ஊர் ஞாபகம் இல்லை. படித்தது, கலியாணம் முடித்தது, பிள்ளை பெற்றது எல்லாம் இங்கேதான். 'நீங்க வந்து' என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் என் காது சுடும். அன்றும் சுட்டது. ராத்தா கேட்டது நியாயம். ஆனால் எனக்கு வீம்பு வந்துவிட்டது.

"தூக்குங்க மதினி. குசினிக்குள்ள வைப்பம். இனி ஒரு சத்தமும் அவங்களுக்குக் கேக்காது."

"புகை வராதா?"

"யன்னல் இக்கிதுதானே. பின்கதவையும் கொஞ்சம் திறந்து விடுவம்."

நோன்பு மாதமென்பதால் பகலில் குசினியில் வேலை இல்லை. இஞ்சினை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தோம். குசினிக்கும் முன்னறைக்கும் இடையில் கதவு கிடையாது. ஒரு திரைதான். முதலில் பெட்ரோல் மணம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிட்டது.

அன்று பகல் இரண்டு மணிக்குக் கரண்ட் போனதும் இஞ்சினை ஓட்டித் தைக்க உட்கார்ந்தோம். பிள்ளைகள் இருவரும் என் உம்மா வீட்டில். கணவர் பெட்ரோல் வரிசையில். களப்புக் காற்று பின்பக்கத்திலிருந்து வீசியது. பின்கதவு வழியாக வெளியே போக வேண்டிய புகையை அந்தக் காற்றுத்தான் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். இது பிறகு நானே யோசித்துக் கண்டது. அப்போது காற்று வருவது நல்லதென்றே நினைத்தேன்.

தலையிடி தொடங்கியது.

"மதினி, உங்களுக்கும் தலை இடிக்குதா?"

"நோம்புத் தலையிடி. இன்னும் எத்தன மணித்தியாலம் இக்கி?"

வயிற்றைப் புரட்டியது. அதையும் நோன்பின் கணக்கிலேயே சேர்த்தேன். கத்தரிக்கோலைத் தேடினேன். மேசையில் இல்லை, மடியில் இல்லை. கடைசியில் என் கையில் இருந்தது. மதினி "கொஞ்சம் சாயுறன்" என்று துணிக் குவியலுக்குப் பக்கத்தில் நிலத்தில் சரிந்தார். ஒரு சின்னப் பிள்ளையின் சட்டைக் கையை மூட்டிக்கொண்டிருந்தேன். தையல் கோணலாக ஓடுவது தெரிந்தது. காலை மிதியிலிருந்து எடுக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. கால் சொல்வதைக் கேட்கவில்லை. எழும்பி வாசலுக்குப் போக வேண்டும் போல இருந்தது, எந்த நேரமும் எனக்கு இருப்பது போலவே. அன்று மட்டும் எழும்ப முடியவில்லை.

அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது கன்னத்தில் ஒட்டிய சுடுமணல்.

"எழும்பு புள்ள! யா அல்லாஹ், கண்ணைத் திற!"

ராத்தாதான். சத்தம் இன்னும் கேட்கிறது என்று ஏச வந்தவர், முன்கதவில் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, மெஷினில் தலை கவிழ்ந்து கிடந்த என்னையும் நிலத்தில் கிடந்த மதினியையும் கண்டிருக்கிறார். என் கக்கத்தில் கைகொடுத்து முற்றத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பப் போய் மதினியையும் இழுத்து வந்திருக்கிறார். மெலிந்த பெண் அவர். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததென்று தெரியவில்லை.

இஞ்சின் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

"இதை எப்பிடி நிப்பாட்டுறது? சொல்லு!"

"சிவப்பு... சுவிட்ச்..." நாக்கு தடித்துப் போயிருந்தது.

அவர் முக்காட்டை வாயோடு இறுக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினார். பின்கதவை உதைத்துத் திறக்கும் சத்தம் கேட்டது. அவருக்குச் சுவிட்ச் அகப்படவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கைக்கு எட்டியதைத் திருகிவிட்டு வெளியே ஓடி வந்தார். இஞ்சின் நிற்கவில்லை.

"நிக்குதில்லையே! நிக்குதில்லையே!"

அவர் திருகியது பெட்ரோல் குழாயை. அடைத்த பிறகும் உள்ளே மிஞ்சியிருந்ததைக் குடித்துக்கொண்டு அது ஓடியது. அவர் ஒரு பக்கம் கத்த, மதினி மறுபக்கம் மணலில் வாந்தி எடுக்க, நான் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். பிறகு இரண்டு தரம் இருமி நின்றது.

ராத்தா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் முகத்தில் அடித்தார். ஒரு கோப்பையை என் வாயில் வைத்தார். நான் தலையை ஆட்டினேன்.

"நோம்பு..."

"நோம்பைப் பிறகு பிடிக்கலாம். குடி."

அவரே ஒரு ஆட்டோவை மறித்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு பேருக்கும் ஒக்சிசன் வைத்தார்கள். சிங்கள டொக்டர். தமிழில் தடவித் தடவிக் கேட்டார்.

"இஞ்சின் எங்க வெச்சது?"

"குசினியில."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் புகையில் மணமும் நிறமும் இல்லாத ஒரு விஷம் இருக்கிறதாம். யன்னல் திறந்திருந்தாலும் போதாதாம். வீட்டுக்கு வெளியே, கதவு யன்னலுக்குத் தூரமாக வைக்க வேண்டுமாம். "வீட்டுக்குள்ள எப்பவும் வேணாம்" என்று மூன்று முறை சொன்னார்.

கணவர் பெட்ரோல் வரிசையில் இருந்த இடத்தை விட்டுவிட்டு வெறும் கானோடு ஓடி வந்தார். கட்டிலோரம் நின்று அந்தக் கானின் மூடியைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தார்.

"ஸ்டார்ட் பண்ணத்தான் சொல்லித் தந்தன். எங்க வைக்கக் கூடாதெண்டு சொல்லல்லையே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் தெரியாதே" என்றார்.

இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தோம். உடுப்புகளில் பாதியைத் தெரிந்த வேறு தையல்காரப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். மீதியை நானே தைத்தேன், கரண்ட் இருக்கும்போது மட்டும். மதினி அந்த முன்னறையில் பிறகு உட்காரவில்லை. வாசலில் இருந்து பொத்தான் கட்டித் தந்தார். பெருநாள் முடிந்து, மன்னாரில் திரும்பக் குடியேறிய மகளோடு போய் இருக்கிறேன் என்று புறப்பட்டுவிட்டார்.

இஞ்சினை விற்றுவிடலாம் என்று கணவர் சொன்னார். நான் விடவில்லை. அதைப் பார்க்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. படகு இஞ்சின் திருத்தும் ஒருவரைக் கூட்டிவந்து முழுக்கச் சொல்லித் தரச் சொன்னேன். அவர் காற்று வடிகட்டியைக் கழற்றி உதறினார். ஒரு கைப்பிடி மணல் கொட்டியது. பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார். எண்ணெயை வடித்தபோது தார் மாதிரி வந்தது. வளவின் கடைசி மூலையில், இரண்டு வீட்டுக்கும் தூரமாக, சுவர் இல்லாமல் ஒரு தகரக் கூரை மட்டும் போட்டு, புகைக்குழாயைக் களப்புப் பக்கம் திருப்பி வைத்தோம். வீடு வரை தடித்த வயர் இழுத்தோம். முதல் நாள் ஓட்டியபோது ராத்தா வந்து நின்று கேட்டார்.

"இன்னும் கேக்குதுதான்" என்றார். ஆனால் ஏசவில்லை.

இப்போது அப்படிக் கரண்ட் வெட்டுவதில்லை. சும்மா கிடந்தால் பெட்ரோல் உள்ளே பிசினாகிவிடும் என்று திருத்துபவர் சொன்னதால் மாதம் ஒரு தரம் ஓட்டுகிறேன். பத்து நிமிஷம். ஓட்டும்போது அதன் பக்கத்தில் நிற்கவும் முடியாது, வீட்டுக்குள் இருக்கவும் முடியாது. வயர் போகும் வழியே நடந்து போய் முன்னறையில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பேன். மணமில்லாத ஒன்றை எப்படி மோப்பது? தெரிந்தும் மோப்பேன். பிறகு திரும்பி நடப்பேன்.

போன மாதம் அப்படி நடந்துகொண்டிருந்தபோது ராத்தா வேலிக்கு வந்தார். அவருடைய கணவர் மௌத்தாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நிறுத்தச் சொல்லப் போகிறார் என்று நினைத்து, மெஷின் வயர் ஒன்றும் மாட்டியில்லாததால் சுவிட்சை உடனே அணைத்தேன். பெட்ரோல் குழாயையும் அடைத்தேன்.

"புள்ள, ஒண்டு சொல்லணும்" என்றார். "அண்டைக்கு உங்கட தையல் மெஷின் சத்தம் நிண்டது எனக்குக் கேட்டது. இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டு இருந்திச்சு. தைக்காம என்னத்துக்கு ஓட்டுறாங்க எண்டு எனக்குக் கோவம் வந்திச்சு. உடனே வரல்ல. என்ன ஏசலாம் எண்டு யோசிச்சிக்கொண்டு கதிரையில இருந்தேன். கொஞ்ச நேரமில்ல. நல்லா நேரம் போயிட்டு."

நான் வேலிக்குக் கிட்டப் போனேன்.

"வந்தீங்கதானே, ராத்தா."

"ஓம், வந்தேன். ஏச."

"எனக்குத்தான் வீம்பு. நீங்க ஏசினதுக்காக உள்ள கொண்டு வெச்சது நான்."

அவர் தலையை அசைத்தார். அதை ஏற்றுக்கொண்டாரா, மறுத்தாரா தெரியவில்லை. "அவர் இல்லாம ஊடு சத்தமே இல்லாம கிடக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோழிகளைத் துரத்திக்கொண்டு உள்ளே போனார்.

இஞ்சின் ஆறட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வெட்ட வேண்டிய துணி மேசையில் விரித்துக் கிடந்தது. அளந்தேன். இன்னொரு தரம் அளந்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழும்பி வாசலுக்குப் போய் நின்றேன்.