பின்கதவு வழியாக வந்தவள்

மார்லிஸ் டூடெக் காய்கறி வாங்கப் போனாலும் சரி, பல் பிடுங்கப் போனாலும் சரி, யாராவது ஒரு ஆள் அவளைப் பார்த்ததும் பல்லைக் காட்டிக்கொண்டு, "நான்தான், வேற யாரு வருவா?" என்று கத்துவார். மார்லிஸ் சிரித்து வைப்பாள். சிரிக்காவிட்டால் தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர் வந்துவிடும். லாஸ் ஏஞ்சலிஸில் பெயர் வாங்குவதற்கு ஆயுசு போதாது, கெடுவதற்கு ஒரு மத்தியானம் போதும்.

எட்டு வருஷம் ஒரு குடும்பத் தொடரில் பக்கத்து வீட்டு டாட்டியாக நடித்தவள் அவள். டாட்டிக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. அந்த வீட்டுச் சமையலறையின் பின்கதவைத் தட்டாமல் திறப்பாள், அந்த ஒரு வசனத்தைச் சொல்வாள், ஃபிரிட்ஜைத் திறந்து கோழிக்கால் ஒன்றை எடுத்துக் கடிப்பாள். வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டுடியோவில் ஜனங்களை உட்காரவைத்துப் படம் பிடிப்பார்கள். கதவு திறந்ததுமே கைதட்டல் கூரையைப் பிய்க்கும். அது ஓயும்வரை கதவில் கையை வைத்தபடி அசையாமல் நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. அந்தத் தொழிலில் இதுதான் அரிச்சுவடி. மார்லிஸைத் தூக்கத்தில் எழுப்பி விட்டாலும் அப்படி நிற்பாள்.

அவளைப் பெற்றவள் ஸ்டாஷா, தூரத்தில் ஏரிக்கரை ஊரான ஈரியில், பனி முழங்கால் உயரம் கொட்டும் தெருவில் தனியாக இருந்தாள். போலந்துக்காரக் குடும்பம். புருஷன் போன பிறகும் பீட்ரூட் சூப்பை ஒரு ஆளுக்கு வைக்கத் தெரியாமல் பானை நிறைய வைப்பாள். தன் வீட்டுப் பின்கதவுக்கு அவள் தாழ்ப்பாள் போடுவதே இல்லை. மகள் எந்த நேரத்தில் வந்தாலும் வெளியே குளிரில் நிற்கக் கூடாதாம். போன் செய்யும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"எப்போடீ வர்றே?"

"ஈஸ்டருக்கு வந்துடறேம்மா."

ஈஸ்டர் வரும், படப்பிடிப்பும் கூடவே வரும். மகள் வரமாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் காசிமிர் ஸ்டுடியோவுக்கே போன் செய்தான். "அம்மாவுக்கு ரொம்ப முடியல. உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. உடனே கெளம்பு."

கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள். டாட்டி இல்லாமல் ஒரு வாரம் ஓட்டுவது அவர்களுக்கு ஒன்றும் குதிரைக் கொம்பு இல்லை. மார்லிஸ் கேட்கவே இல்லை. இன்றைக்கு முடித்துவிட்டு விடிந்ததும் முதல் விமானத்தில் போய்விடலாம் என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் வழக்கம்போலக் கதவைத் திறந்தாள், ஜனங்கள் வழக்கம்போலத் தட்டினார்கள், அவளும் வழக்கம்போல நின்றாள். அந்த நேரத்தில்தான் ஈரியில் ஸ்டாஷா கண்ணை மூடினாள்.

மறுநாள் போனபோது வீடு நிறையச் சொந்தக்காரர்கள். யாரோ பொறுப்பான ஆள் பின்கதவைப் பூட்டிவிட்டிருந்தார். மார்லிஸ் விருந்தாளி மாதிரி முன்வாசல் வழியாக உள்ளே போனாள்.

தொடர் முடிந்தது. மத்தியானங்களில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள், இன்னும் போடுகிறார்கள். மார்லிஸ் உட்கார்ந்து ஒரு நாடகம் எழுதினாள். ஒரே ஒரு சமையலறை. அம்மா சூப் வைத்துக்கொண்டே, வரப்போகும் மகளைப் பற்றித் தனக்குத்தானே பேசுகிறாள். கடைசியில் பின்கதவு திறக்கிறது. பார்வை மங்கிய அம்மா "யாரது?" என்கிறாள். "நான்தாம்மா" என்று மகள் வந்து நிற்கிறாள். "வந்துட்டியா? உக்காரு. சூப் ஆறிடும்." அவ்வளவுதான், விளக்கு அணைந்துவிடும். மகள் வேஷத்தைத் தனக்காகவே எழுதியிருந்தாள். ஒரே ஒரு தடவை, சத்தம் சந்தடி இல்லாமல் அந்தக் கதவைத் திறந்துகொண்டு போக வேண்டும். உள்ளே ஒருத்தி நிமிர்ந்து பார்த்து "வந்துட்டியா?" என்று கேட்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

ஆனால் நாடகம் எழுதுகிறவர்களுக்கு இந்த ஊரில் விதி வேறு மாதிரி. நாடகத்தைப் போடமாட்டார்கள், வாசிப்பார்கள். நடிகர்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் ஸ்டாண்டில் தாளை வைத்துக்கொண்டு படிப்பார்கள். ஓரத்தில் ஒருவர் "கதவு திறக்கிறது" என்று வாசிப்பார். கதவும் இருக்காது, சூப்பும் இருக்காது. முடிந்ததும் சீஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "அபாரம், எங்கயோ போகப்போகுது பாருங்க" என்பார்கள். எங்கேயும் போகாது, அடுத்த வாசிப்புக்குத்தான் போகும். வருஷக்கணக்காக மார்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இல்லாத கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

அம்மாவாக எல்லா வாசிப்பிலும் படித்தவள் ரோவீனா. மார்லிஸ் வயசுதான், அவளோடு ஒன்றாக நடிப்புப் படித்தவள். நல்ல நடிகை, ஆனால் அவள் முகம் அவள் வீட்டு நாய்க்கு மட்டும்தான் தெரியும் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

கடைசியில் லாங்கர்ஷிம் சாலையில், செருப்புக்கடைக்கு மேலே இருக்கும் சின்ன நாடக அரங்கத்தின் இயக்குநர் கிளெம், போடலாம் என்று ஒத்துக்கொண்டான். கதவோடு. இடித்த பழைய வீடு ஒன்றிலிருந்து நிஜக் கதவையே கொண்டுவந்து மாட்டினான். யாரும் இல்லாத நேரத்தில் மார்லிஸ் அதைத் திறந்து திறந்து மூடுவாள். பித்தளைப் பிடி கையில் ஜில்லென்று இருக்கும். ஒருநாள் அதைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள்.

சுவரொட்டியில் அவள் முகத்தைப் பெரிதாகப் போட்டான் கிளெம். சனிக்கிழமை மத்தியானம் முதல் காட்சி. ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை.

ஒரு மணி நேரம் ரோவீனா தனியாகப் பேசினாள். இருமினவர்கள்கூட இருமலை அடக்கிக்கொண்டார்கள். கதவுக்குப் பின்னால் இருட்டில் மார்லிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேரம் வந்தது. பிடியைத் திருகினாள், திறந்தாள்.

அரங்கம் முழுக்கக் கைதட்டியது.

பாவம், அவர்களையும் குறை சொல்ல முடியாது. பிரியமான முகம் மேடையேறினால் தட்டுவது இங்கே எல்லாருக்கும் வழக்கம். அதுவும் டாட்டி, அதுவும் சமையலறைப் பின்கதவு. ஆனால் மார்லிஸின் உடம்பு செய்ததுதான் கொடுமை. கைதட்டலைக் கேட்டதும் அது தானாக நின்றுவிட்டது. கதவில் கையோடு, ஓயட்டும் என்று காத்துக்கொண்டு. அம்மா கண்ணை மூடிய அந்தச் சாயங்காலம் நின்ற மாதிரியே.

ரோவீனா "யாரது?" என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு ஆள், "வேற யாரு வருவா?" என்று குரல் கொடுத்தார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே மீதி வசனமும் முழுகிப்போனது.

ஒப்பனை அறைக்குள் கிளெம் வாயெல்லாம் பல்லாக வந்தான். "எழுந்து நின்னு தட்டுறாங்க மார்லிஸ். ஏழு மணி ஷோவும் ஃபுல்."

"ஏழு மணிக்கு நான் வரல. என்னால அந்தக் கதவத் தொறக்க முடியாது." மார்லிஸ் கண்ணாடியைப் பார்க்காமலே சொன்னாள்.

"வெளையாடாதீங்க. உங்கள பாக்கத்தானே வர்றாங்க."

"அதான் பிரச்சனையே."

ரோவீனா தலையிலிருந்த வெள்ளை விக்கைக் கழற்றி மார்லிஸின் மடியில் போட்டாள். "இந்தா, நீ அம்மாவா உக்காரு. திரை தொறக்கும்போதே உக்காந்திருக்கறவளுக்குத் தட்டுனா தட்டிட்டுப் போறாங்க, நாடகம் கெடாது. வசனம் பூரா நீ எழுதுனதுதானே. கதவத் தொறந்துட்டு நான் வர்றேன்."

"உனக்குத் தட்டமாட்டாங்களா?"

"என்னை எவனுக்குடீ தெரியும்? நாப்பது வருஷம் பட்டினி கெடந்து சேத்து வச்ச சொத்து அது. இன்னிக்காவது உதவட்டும்."

கிளெம் சிரித்துவிட்டான். மார்லிஸ் சிரிக்கவில்லை. விக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப நான் அந்தக் கதவு வழியா வரவே போறதில்ல," என்றாள். ரோவீனா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு மார்லிஸ் விக்கைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்குத் திரை விலகியதும் தட்டினார்கள், ஓய்ந்தார்கள். பிறகு மார்லிஸ் பேசத் தொடங்கினாள். எழுதியதும் அவள்தான், வருஷக்கணக்காகக் கேட்டதும் அவள்தான். ஆனால் இதுவரை கதவுக்கு வெளியே நின்றுதான் கேட்டிருந்தாள். அடுப்பைப் பார்த்துப் பேச வேண்டிய இடத்தில்கூடக் கண் கதவுக்குப் போனது. கதவுக்குப் பின்னால் எங்கோ பலகை கிறீச்சிட்டால் நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவும் இப்படித்தானே உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தாள்.

பிடி திரும்பியது. கதவு திறந்தது. தோளில் காகிதப்பனியோடு ரோவீனா நின்றாள். யாரும் தட்டவில்லை. யாருக்கும் அவளைத் தெரியவில்லை.

"யாரது?"

"நான்தாம்மா."

அடுத்த வசனத்தை மார்லிஸ் மன்னிப்பு என்று நினைத்துத்தான் எழுதியிருந்தாள். அம்மாவிடமிருந்து அது கிடைக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருஷம் ஏங்கினாள். இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்து தனக்குள் தேடிப் பார்த்தால் கோபமே இல்லை, மன்னிப்பதற்கும் ஒன்றும் இல்லை. வந்துவிட்டாளே என்ற சந்தோஷமும், சூப் ஆறிவிடுமே என்ற கவலையும்தான் இருந்தன.

"வந்துட்டியா? உக்காரு. சூப் ஆறிடும்."

விளக்கு அணைய வேண்டிய இடம் அது. விளக்குப் பொறுப்பையும் பார்த்துக்கொண்ட கிளெம் அணைக்க மறந்து மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் ரோவீனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்த சிவப்புச் சாயத் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தாள். அவள் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிப்பதை மார்லிஸ் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாடகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"