காற்றுக்குத் தாங்காதா

எங்கள் வீட்டில் ஒரு கார், ஒரு ஸ்கூட்டர், மூன்று வயது மகளின் மூன்று சக்கர சைக்கிள். சைக்கிள் சக்கரம் பிளாஸ்டிக், காற்றே வேண்டாம். மீதி ஆறு டயர்களுக்காக என் கணவர் ஐம்பது லிட்டர் கம்ப்ரசர் வாங்கினார். கே.கே. நகரில் எங்கள் தெருமுனையிலேயே பஞ்சர் கடை இருக்கிறது. ஆனால் அங்கே போனால் வண்டியை நிறுத்த வேண்டுமே.

கார் ஷெட்டின் மூலையில் கம்ப்ரசர். அங்கிருந்து சுவரோரமாகக் குழாய் ஓடி, மூன்று இடங்களில் காற்று வர வேண்டும். மூன்றாவது இடம் எதற்கு என்று கேட்டேன். "பின்னாடி தேவைப்படும்" என்றார். வழக்கமாக எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் வேலை பார்க்கும் பிளம்பர் அண்ணன் வந்தார். மாடித் தொட்டிக்குப் போட்டதில் மிஞ்சிய பிவிசி குழாயை வெட்டி, பசை தடவி, ஒரே நாளில் ஒட்டிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சைக்கிளில் உட்கார்ந்தால் மகளின் முகத்துக்கு நேராக ஓடியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் கம்ப்ரசரை ஓடவிட வேண்டுமென்று மாமியார் நேரம் குறித்திருந்தார். ஒன்பதரைக்கு, கடமை தவறாத மருமகளாகக் கேசரி கிண்டிக்கொண்டே, குழாய் கம்பெனியின் இணையதளத்தைப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். அழுத்தக் காற்றுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது, உடைந்தால் சில்லுகளாகச் சிதறும் என்று போட்டிருந்தார்கள்.

நான் இயற்பியல் முதுகலை. ஆகவே மூன்று முறை படித்து, நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று சந்தேகப்பட்டுவிட்டு வெளியே வந்து சொன்னேன்.

"தண்ணிக்கே தாங்குது தங்கச்சி, காத்துக்குத் தாங்காதா? காத்து எம்புட்டுக் கனம் இருக்கப்போகுது?" என்றார் பிளம்பர் அண்ணன்.

"தண்ணி அமுங்காதுண்ணே. காத்து அமுங்கி உக்காந்திருக்கும். குழா விட்டுச்சுன்னா அம்புட்டும் ஒரே நேரத்துல விரியும்."

"பாடம் ஆரம்பிச்சுட்டா" என்றார் கணவர். "கம்பெனிக்காரன் எதுக்கும் இருக்கட்டும்னு போட்டிருப்பான். மணி பத்தாச்சு, சூடத்த எடுத்துட்டு வா."

ராகுகாலத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்று அதைவிட்டால் துணையும் கிடையாது. சந்தனம் குழைத்தேன். தண்ணீர் கூடிவிட்டது, மறுபடி குழைத்தேன். டேங்கிற்கு மூன்று பொட்டு, மோட்டாருக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று, சுவிட்சுக்கு ஒன்று. ஃப்ரிட்ஜில் கண்ணெதிரே இருந்த எலுமிச்சம்பழத்தைப் பொறுமையாகத் தேடினேன். சூடம் ஏற்றும்போது மணி பத்து முப்பத்தைந்து.

"என்னத்தா இம்புட்டு நேரம்?" என்றார் மாமியார். "ராகுகாலம் பெறந்துருச்சு. இனி பன்னெண்டுக்கு மேலதான்."

நியூட்டனே வந்து சொல்லியிருந்தாலும் வாதாடியிருக்கும் கணவர், மறு பேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

கேசரி சாப்பிட்ட பிளம்பர் அண்ணனுக்கு என் மேல் இரக்கம் வந்தது. சோதித்தே காட்டிவிடலாமென்று மிச்சக் குழாயில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையை அடைத்து, மறு முனையில் கம்ப்ரசரின் ரப்பர் ஹோஸைப் பொருத்தி, பக்கத்துக் காலி மனையில் போட்டார். பன்னிரண்டு அடித்ததும் கம்ப்ரசர் ஓடியது. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று காதைப் பொத்திக்கொண்டேன். வெடித்துவிட வேண்டுமென்று வேண்டிக்கொண்டேன். அழுத்த முள் உச்ச அளவான எட்டைத் தொட்டு, மோட்டார் தானாக நின்றது.

குழாய் வெடிக்கவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். ஒரு காக்கை வந்து அதன் மேல் உட்கார்ந்தது.

"பாத்தியா தங்கச்சி" என்றார் அவர். கணவர் சிரிப்பை அடக்கிய அழகுக்குப் பரிசே கொடுக்கலாம்.

எனக்கிருந்த ஒரே சாட்சி அந்தக் குழாய்; அதுவும் காக்கைப் பக்கம் போய்விட்டது. "இன்னைக்கு வெடிக்கல" என்றேன். "ரெண்டு வருசம் வெயில்ல காஞ்ச பிறகு என்னைக்கு விடும்னு உங்களால சொல்ல முடியுமாண்ணே?"

அவர் காதைச் சொறிந்தார். "அத யாரால சொல்ல முடியும்?"

"அப்பக் கழட்டிருங்க."

ஷெட்டுக்குள் மகள் குழாயைத் தொட்டபடி சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தாள். கணவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "கழட்டிருங்கண்ணே" என்றார். "ஹோஸே போதும்."

பிளம்பர் அண்ணன் ரம்பத்தை எடுத்தார். அறுக்கும்போது, குழாய் எவ்வளவு உறுதியாக இருக்கிறது பாருங்கள் என்று இரண்டு முறை சொன்னார். இத்தனை உறுதியாகத் தெரிவதுதானே பயம் என்று நினைத்துக்கொண்டு மகளை உள்ளே தூக்கிக்கொண்டு போனேன்.