மூன்று மெஷின், எட்டுப் பேர்

டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாக அவளுக்குப் பதினோரு வருட வேலை. ஊசி குத்துவாள், ரத்தம் சுத்தமாகி உடம்புக்குத் திரும்பும்வரை பக்கத்திலேயே நிற்பாள். எட்டு நோயாளிகள், நாலு மெஷின், ஆளுக்கு நாலு மணி நேரம். இதில் நியாயம் பேச ஒன்றும் இருந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை மெஷின் ஒன்று படுத்துவிட்டது. மேலாளர் கதவோரமாக எட்டிப் பார்த்தார். "பார்ட்ஸ் வரணும்மா. அதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

எல்லோருக்கும் மூன்று மணி நேரம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். சமமாகப் பிரித்துவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று நினைத்தாள்.

அடுத்த வாரம், சலவைக் கடையில் இஸ்திரி போடும் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். கால் வீங்கி, செருப்பைக் கையில் எடுத்து வந்திருந்தாள். எடை நாலு கிலோ ஏறியிருந்தது. டாக்டர் நின்றபடியே சொன்னார்: "உடம்புல நீர் ஏறினவங்களுக்கு நேரத்தைக் கூட்டு. ஏறாதவங்களுக்குக் குறை. நீயே பார்த்துப் பண்ணு."

பார்த்துப் பண்ணினாள். இஸ்திரிக்காரிக்கு நாலு மணி நேரம். அதே மெஷினில் அடுத்து வரும் ஓய்வுபெற்ற தபால்காரருக்கு இரண்டு.

அவர் சுவரில் ஒட்டியிருந்த புதுத் தாளை இரண்டு தடவை படித்தார். "இது என்ன கணக்கும்மா?"

"உங்களுக்கு எடை ஏறவே இல்லையே, ஐயா."

"ஏன் ஏறலை? ஒரு நாளைக்கு மூணு டம்ளருக்கு மேல தண்ணி தொடறதில்லை. நாக்கு ஒட்டிக்கிட்டா ஒரு ஐஸ் கட்டியை வாயில போட்டுக்கறேன். ஒழுங்கா இருந்ததுக்கு எனக்குத் தண்டனையா?"

ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த இஸ்திரிக்காரி நிமிர்ந்தாள். "அண்ணே, ஒரு நாள் முழுக்க அந்தப் பெட்டிச் சூட்டுல நின்னு பாருங்க. அப்புறம் டம்ளரை எண்ணலாம்."

இருவரும் இவளைப் பார்த்தார்கள். இவளுக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருந்தது.

வீட்டில் கணவன், "சீட்டு குலுக்கிப் போட்டுட வேண்டியதுதானே" என்றான்.

"மூச்சு முட்டறவளைச் சீட்டு எடுக்கச் சொல்றதா?" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள்.

மறுநாள் சுவரில் இருந்த தாளைக் கிழித்து மேலாளர் மேசையில் வைத்தாள். "யாருக்கு எவ்வளவு நேரம்னு நீங்களே எழுதி, கையெழுத்துப் போட்டு ஒட்டுங்க, சார்."

"அதெல்லாம் எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

எட்டுப் பேரிடமும் கையெழுத்து வாங்கி மேலிடத்துக்கு மனு அனுப்பினாள். தபால்காரரும் போட்டார். பேனாவை மூடியபடி, "மெஷினுக்காகப் போடறேன். நீ பண்ணினது சரின்னு ஆயிடாது" என்றார்.

அதுவரை டாக்டர் சொன்ன கணக்கே ஓடியது. இருபதாம் நாள் பார்ட்ஸ் வந்தது. மனுவாலா, தானாகவா என்று யாரும் சொல்லவில்லை. மறுபடியும் எல்லோருக்கும் நாலு மணி நேரம்.

தபால்காரர் இப்போதும் நேரம் தவறாமல் வருகிறார். இவளைப் பார்த்தால் மரியாதையாகத் தலையசைப்பார். ஊசிக்குக் கை நீட்டுவது மட்டும் இன்னொரு டெக்னீஷியனிடம். இவள் போய்க் கூப்பிட்டாலும், "இருக்கட்டும்மா, அவங்க வரட்டும்" என்பார்.