இறங்க இறங்க ஏறியது

கட்டைவிரல் மொத்தமிருந்த ஆரஞ்சுக் கேபிளின் தோலை உரித்ததில் உள்ளே ஒரு செம்புக் கம்பிகூட வெட்டுப்படவில்லை. நுனியை, கேபிளை மோட்டாரில் முடுக்கும் செம்புக் குமிழுக்குள் நுழைத்து, கைப்பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தன இரண்டு கைகள். அசையவில்லை. ஆனாலும் அழுத்தம் ஒரு பக்கம் ஒரு நூல் சாய்ந்திருந்தது. அந்தக் கைகள் அதை வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தன.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரியைப் பட்டறையில் பல்பு என்பார்கள். லாரிப் பட்டறையில் எஞ்சின் பார்ப்பவர்தான் மேஸ்திரி. விளக்கும் ஹாரனும் பார்ப்பவள், எல்லோரும் கை கழுவிய பிறகு வண்டிக்கடியில் நுழையலாம். பத்தொன்பது வருடம் அப்படித்தான் நுழைந்தாள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. மீதிப் படிப்பையெல்லாம் எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் போட்டு, எதனால் எரிந்தது என்று தெரியும்வரை கீழே வைக்காமல் படித்தாள்.

இப்போது அவள் செய்துகொண்டிருந்தது விளக்கு வேலை இல்லை. ஆறு லாரி வைத்திருந்த முதலாளியிடம், புகை விடும் வண்டிக்கு அடுத்த வருடத்திலிருந்து கிடங்குக்குள் இடமில்லை என்று சரக்குக் கம்பெனி சொல்லிவிட்டது. புது மின்சார லாரி வாங்க அவரால் ஆகாது. பழையதையே மின்சாரத்தில் ஓடும்படி மாற்றித் தருகிறேன் என்றாள் இவள்.

“ஒண்ண மாத்திக் காட்டும்மா” என்றார் முதலாளி. “முழு லோடோட மலை தாண்டிப் போய், ஒரே சார்ஜ்ல திரும்பி வரட்டும். வந்தா மத்த அஞ்சும் உன்கிட்டதான். வரலேன்னா ஆறையும் எடைக்குப் போட்டுர்றேன்.”

மேஸ்திரி எஞ்சினைச் சங்கிலி போட்டு இறக்கும்போதே, “குதிரையை அவுத்துட்டு வண்டியில லாந்தர் கட்டுறா” என்றார். பட்டறை முழுக்கச் சிரித்தது. அவள் சங்கிலி நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

வண்டி தயாரானதும் ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தவர் அவளுடைய அண்ணன். முப்பது வருடமாக அந்த மலைப்பாதையில் லாரி ஓட்டியவர். எந்த வளைவில் எந்தப் பாறை துருத்தும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். காலையில் சிமென்ட் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மாலையில் போன் வந்தது.

“தங்கச்சி, சார்ஜ் தீந்து நின்னுபோச்சு.”

“எங்கே?”

“மலை இறங்கியாச்சு. பட்டறைக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர்.”

போனை வைப்பதற்குள் செய்தி பரவிவிட்டது. “பல்பு வாங்கிட்டாரா உங்கண்ணன்?” என்றார் மேஸ்திரி. கட்டி இழுக்கும் வண்டியோடு அவளும் போனாள். வழியெல்லாம் மனசுக்குள் ஒவ்வொரு இணைப்பையும் மறுபடி அழுத்திப் பார்த்தாள். எதிலும் தப்பு தெரியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. தெரியாத தப்பைத் திருத்த முடியாது.

சாலையோரம் நின்ற லாரியைச் சுற்றிவந்தாள். கேபிள்களைத் தொட்டாள். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். மோட்டாரும் சரி. பின்சக்கரத்தின் பக்கம் புறங்கையைக் கொண்டுபோனவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிரேக் டிரம் அடுப்பாய்க் கொதித்தது. கருகிய வாடை வேறு.

“அண்ணே, இறக்கத்துல எப்படி வந்தே?”

“எப்பவும் போலத்தான்.”

“எப்பவும் போலன்னா?”

அண்ணன் சாலையைப் பார்த்தார். “நியூட்ரல்ல விட்டுட்டு, பிரேக்கைப் புடிச்சுப் புடிச்சு. முப்பது வருஷமா டீசலை அப்படித்தானே மிச்சம் புடிச்சேன்? இதுலயும் கரண்டு மிச்சமாகும்னு நெனச்சேன்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். இறங்குகிற சக்கரமே மோட்டாரைச் சுழற்றும், மோட்டார் டைனமோவாகி பேட்டரிக்கு ஊட்டும், வண்டியின் வேகமும் அடங்கும். நியூட்ரலில் போட்டால் சக்கரம் தனி, மோட்டார் தனி. திரும்பக் கிடைக்க வேண்டியதெல்லாம் டிரம்மில் சூடாகிக் காற்றோடு போய்விட்டது.

“கறக்கிற மாட்டை அவுத்து விரட்டிட்டு, வீட்டுல பால் இல்லேங்கிறியே அண்ணே.”

“நீ சொல்லலியே” என்றார் அவர். குரலில் கோபமில்லை.

அது உண்மைதான். ஆயிரம் சொல்லியிருந்தாள், இதைச் சொல்லவில்லை. அதைவிட மோசம், பழைய கியர்க்கம்பி இருந்த இடத்திலேயே நியூட்ரல் பட்டனை வைத்திருந்தாள். பழகிய கை பழகிய இடத்துக்குத்தான் போகும்.

முதலாளி ஞாயிற்றுக்கிழமைவரை தவணை கொடுத்தார். அவள் பட்டனைப் பெயர்த்து டாஷ்போர்டின் அந்தக் கோடியில் மூடி போட்டு மாட்டினாள். வண்டி முழுக்க நின்றால்தான் நியூட்ரல் விழும்படி, மோட்டாரை ஆளும் கண்ட்ரோலரில் பூட்டும் வைத்தாள். சக்கரம் ஓடும்போது அந்தப் பட்டனை நாற்பது முறை அழுத்தினாள். ஒரு முறைகூட விழவில்லை.

ஞாயிறு காலை அதே சிமென்ட் லோடு, அதே அண்ணன். பக்கத்து சீட்டில் அவள். ஏற்றம் எப்படியும் தின்னும் என்று தெரிந்தாலும், திரையில் பேட்டரியின் சதவீதம் குறையக் குறைய அவள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உச்சியில் ஐம்பத்தெட்டு. இறக்கம் ஆரம்பித்ததும் அண்ணனின் கை தானாகப் பழைய கியர்க்கம்பி இருந்த இடத்தைத் தேடிப்போய், வெறும் காற்றைப் பிடித்து, அசடு வழியத் திரும்பி வந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி பத்து டன் சரக்கோடு லாரி நிதானமாக இறங்கியது. ஐம்பத்தொன்பது. அறுபத்தொன்று.

“என்ன தங்கச்சி, இறங்க இறங்க ஏறுது?”

“ஆமாண்ணே. பேசாம ஓட்டு.”

“பிரேக்கே தொடலையே நான். இத்தனை நாளா இந்த மலைக்குக் கொடுத்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்குத்தான் அது திருப்பித் தருது.”

திரும்பும்போது உர மூட்டை லோடு. மறுபடி ஏறி உச்சிக்கு வந்தபோது பத்தொன்பது. பட்டறைப் பக்க அடிவாரத்தில் இருபத்தாறு. போன தடவை நின்றுபோன இடம் வந்தது. அண்ணன் அங்கே வேண்டுமென்றே நீளமாக ஹாரன் அடித்தார்.

பட்டறை வாசலில் முதலாளியும் மேஸ்திரியும் நின்றார்கள். சத்தமில்லாமல் வந்து நின்ற லாரியைக் கண்டு மேஸ்திரி ஓரடி பின்னால் போனார். திரையில் பதினான்கு என்றிருந்தது. முதலாளி எட்டிப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

மேஸ்திரி நேராகப் பின்சக்கரத்துக்குப் போய் டிரம்மில் உள்ளங்கையை முழுதாக வைத்தார். எடுக்கவில்லை. “சில்லுன்னு இருக்கு” என்றார். பிறகு, “அடுத்த எஞ்சினை எப்போ இறக்கணும்னு சொல்லுங்கம்மா” என்றார். பத்தொன்பது வருடத்தில் முதல் ‘ங்க’.

“மத்த அஞ்சையும் நாளைக்கே அனுப்பவா?” என்றார் முதலாளி.

“ஒவ்வொண்ணா அனுப்புங்க முதலாளி. அவசரத்துல அழுத்தினா குமிழ் கோணிப்போகும்.”

அவள் நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் இடத்தை முதலாளிக்குக் காட்டி, அவரையே ஒருமுறை துண்டிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, சாவியை அவர் கையில் வைத்தாள்.